பந்து வழங்கக் கோருதல் – தொடர்பாக

பத்து வருஷம் பந்தாட்டத்தில் பிழைத்தவன் நான். அந்தப் பத்து வருஷத்தில் பந்தைத் தொடும் வாய்ப்பு மூன்று தடவை வந்தது. ஒரு தடவை அது உருண்டு வந்து என் காலில் முட்டியது. இன்னொரு தடவை கீழே கிடந்ததை எடுத்து நடுவரிடம் கொடுத்தேன். மூன்றாவது தடவை, ஏதோ ஆஸ்பத்திரி நிதிக்காக எல்லோரும் ஒரு பந்தில் கையெழுத்துப் போட்டோம். என் முறை வந்தபோது பேனாவில் மை தீர்ந்துவிட்டது.

அமெரிக்கன் ஃபுட்பாலில் நான் ஆஃபென்சிவ் லைன்மேன். லைன்மேன் என்றதும் நான் கரண்ட் கம்பத்தில் ஏறுகிறவன் என்று நினைத்துக்கொண்ட சொந்தக்காரர்கள் ஊரில் உண்டு. அவர்களைத் திருத்துவதை விட்டுப் பல வருஷமாகிறது. வேலை இதுதான்: பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் என்பவன் பின்னால் நிற்பான். அவனைக் கீழே தள்ள எதிரணிக்காரர்கள் ஓடி வருவார்கள். அவர்களை மறித்து நிற்கிற ஐந்து தடியன்களில் நான் ஒருவன், இடது கோடி. எங்களுக்குப் பந்தை எறியக்கூடாது என்பது விதி. வேலையைச் சரியாகச் செய்தால் ஒருத்தரும் எங்களைப் பார்க்க மாட்டார்கள். தப்பாகச் செய்தால் நடுவர் மைக்கில் என் சட்டை நம்பரைச் சொல்லி ஊருக்கே அறிவிப்பார்.

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அப்பா கோபிசெட்டிபாளையத்தில் பொதுப்பணித்துறை வேலையை விட்டுவிட்டு எங்களை நியூஜெர்சிக்குக் கூட்டி வந்தார். வெஸ்ட் வின்ட்சரில் வீடு. அங்கே ரோடு போடுகிற கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். ஊரை விட்டாரே தவிர, ஊரில் கற்ற ஒரு வித்தையை மட்டும் அவர் விடவில்லை. அது மனு எழுதுவது. ரேஷன் கார்டு, டிரான்ஸ்ஃபர், டெலிபோன் கனெக்‌ஷன் எல்லாவற்றையும் மனு எழுதியே வாங்கியவர். அமெரிக்கா வந்த முதல் வருஷம் எங்கள் தெருமுனைக் குழியைப் பற்றி டவுன்ஷிப்புக்கு மூன்று பக்கம் எழுதினார். பத்தே நாளில் குழியை மூடிவிட்டார்கள். அதோடு இந்த நாட்டின் மேல் அவருக்கு வந்த நம்பிக்கையை அப்புறம் எதனாலும் அசைக்க முடியவில்லை.

நான் ஆட்டத்துக்கு வந்த கதையில் பெரிய லட்சியம் எதுவும் இல்லை. ஹைஸ்கூல் வராந்தாவில் ஒருநாள் ஃபுட்பால் கோச் என்னைப் பார்த்து நின்றார். அந்தியூர்ச் சந்தையில் மாடு பார்க்கிறவர் மாதிரி என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பல்லைப் பிடித்துப் பார்க்காததுதான் பாக்கி. அப்போதே நான் ஆறடி மூன்றங்குலம். அம்மாவின் இட்லிக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

அப்புறம் டெக்சாஸில் ஒரு காலேஜ் என்னைக் கூப்பிட்டது. சிவில் இன்ஜினியரிங் இலவசமாகப் படிக்கலாம், சாயங்காலத்தில் கொஞ்சம் ஆட வேண்டியிருக்கும் என்று அப்பாவிடம் சொன்னேன். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ரிச்சர்ட்சனில் இருந்த ஒரு ஆன்ட்டி, ஊர்ப் பிள்ளை ஹாஸ்டலில் கஷ்டப்படுகிறதே என்று ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொன்னார். முதல் வாரம் போனேன். சங்கோஜப்படாமல் சாப்பிடச் சொன்னார், நானும் படவில்லை. அடுத்த வாரம் அவர்கள் குடும்பத்தோடு வெளியூர் போவதாகப் போன் வந்தது. நான் டெக்சாஸில் இருந்த நாலு வருஷமும் அவர்கள் ஞாயிறுதோறும் வெளியூர் போனார்கள்.

தொண்ணூறில் பே ஏரியாவில் ஒரு தொழில்முறை அணி என்னை எடுத்துக்கொண்டது. ஃப்ரீமான்ட்டில் வீடு பார்த்துக்கொண்டேன். நூற்று நாற்பது கிலோ. முழங்கால் ஒன்றில் இரண்டு தடவை ஆபரேஷன். வலது சுண்டுவிரல் இன்றைக்கும் வேறு திசையைப் பார்க்கிறது. இவ்வளவு செய்தும் அப்பாவுக்கு நான் என்ன செய்கிறேன் என்பது விளங்கவே இல்லை. நியூஜெர்சியில் யாராவது பையன் என்ன பண்றான் என்று கேட்டால் கலிபோர்னியாவில் இருக்கிறான் என்று மட்டும் சொல்வாராம். பெண் பார்க்க ஆரம்பித்தபோது அந்தப் பதில் போதவில்லை. ஒரு பெண் வீட்டாரிடம், விளையாட்டுத் துறையில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறான் என்று சொல்லியிருக்கிறார். அம்மா போனில் இதைச் சொன்னபோது சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை. பார்க்கிற எல்லோரும் என்னைப் பாராட்ட வேண்டும் என்றெல்லாம் எனக்கு ஆசை இல்லை. நான் செய்வதும் ஒரு வேலைதான் என்று அந்த ஒரு மனிதர் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் ஏங்கினேன்.

என் ஏழாவது வருஷத்தில் அப்பா ரிட்டயர் ஆனார். ஆன கையோடு அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஃப்ரீமான்ட்டில் என்னோடு மூன்று மாசம் இருக்க வந்தார். ஆட்டம் நடக்கிற சீசன். ஞாயிறுதோறும் நான் ஆடப் போய்விடுவேன், அவர்கள் இருவரும் வீட்டு சோபாவில் உட்கார்ந்து டிவியில் பார்ப்பார்கள். பார்ப்பார்கள் என்பது அப்பாவுக்குத்தான் பொருந்தும். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு தடவை ஆட்கள் குவிந்து விழும்போதும், எந்திரிச்சுட்டானுங்களா என்று கேட்டுக்கொண்டிருப்பார். அப்பா உம் என்ற பிறகு கண்ணைத் திறப்பார். அடுத்த குவியலுக்கு மறுபடியும் மூடிக்கொள்வார்.

நாலு வாரம் பார்த்த பிறகு, ஒருநாள் காலையில் அப்பா என்னைச் சாப்பாட்டு மேஜைக்குக் கூப்பிட்டார்.

"ஏங்கண்ணு, நானும் நாலு வாரமாப் பாக்கறேன். உன்ற கைக்கு ஒருக்காக்கூட அந்தப் பந்து வரலையேடா."

வராதுப்பா என்று ஆரம்பித்து, ஐந்து காபி டம்ளர்களை வரிசையாக வைத்து விளக்கினேன். பின்னால் சர்க்கரை டப்பாதான் குவார்ட்டர்பேக். எதிரே உப்பு, மிளகு, ஊறுகாய் பாட்டில் எல்லாம் சர்க்கரையைக் கவிழ்க்க வருகின்றன, டம்ளர்கள் தடுக்கின்றன. அப்பா கவனமாகக் கேட்டார். ஊறுகாய் பாட்டில் எப்படிச் சுற்றி வரும் என்றுகூடச் சந்தேகம் கேட்டார். புரிந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

"அப்ப சர்க்கரைக்குக் காவல்," என்றார். "ஏழு வருஷம் காவல் காத்தாச்சு. புரமோஷன்னு ஒண்ணு கெடையாதா?"

புரமோஷன் கிடையாது, இதுதான் கடைசி வரைக்கும் என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை. டம்ளர்களை அலம்பி வைத்தார். அவர் பேசாமல் இருந்தால் எங்கேயோ காகிதம் எடுக்கிறார் என்று அர்த்தம். இது தெரிந்தும் நான் கோட்டை விட்டேன்.

எங்கள் அணியில் லைன்மேன்களுக்கென்று தனிக் கோச் இருந்தார். குட்டையான, கழுத்தே இல்லாத மனிதர். வாரத்துக்கு இரண்டு வார்த்தை நல்லதாகப் பேசினால் அது தீபாவளி. புதன்கிழமைக் கூட்டத்தில் அவர் வீடியோ போடாமல், சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து, எழுந்து நின்று படித்தார். உறையின் மேல் ஃப்ரீமான்ட் முத்திரை. முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவின் ஆங்கிலம் கோபி தாலுகா ஆபீஸ் ஆங்கிலம். அதைத் தமிழில் சொன்னால்தான் ருசி தெரியும்.

'பெறுநர்: உயர்திரு பயிற்சியாளர் அவர்கள். பொருள்: என் மகனுக்குப் பந்து வழங்கக் கோருதல் – தொடர்பாக. ஐயா, என் மகன் தங்கள் அணியில் ஏழு ஆண்டுகளாக எவ்விதக் குற்றச்சாட்டுமின்றிப் பணியாற்றி வருகிறார். அவருக்குப் பின் பணியில் சேர்ந்த இளையவர்களுக்கு நாள்தோறும் பந்து வழங்கப்பட்டு வரும் நிலையில், அவருக்கு இதுநாள் வரை ஒருமுறையேனும் வழங்கப்படவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். எனவே தாங்கள் அவரது பணிமூப்பைக் கருத்தில் கொண்டு, வாரம் ஒருமுறையாவது பந்து வழங்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இணைப்பு: பட்டியல் ஒன்று. நகல்: அணியின் உரிமையாளர் அவர்களுக்கு, தகவலுக்காக.'

பட்டியலில் நாலு ஆட்டங்களிலும் யார் யாருக்கு எத்தனை தடவை பந்து போனது என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதியிருந்தார். கடைசி வரியில் என் பெயர். நேரே நாலு 'இல்லை'.

நான் நாற்காலிக்குள் இறங்கினேன். எங்கள் அறை நாற்காலிகளெல்லாம் இரும்பு வைத்து முட்டுக் கொடுத்தவை, ஒருத்தன் ஒளிந்துகொள்வதற்கு லாயக்கில்லை. மற்றவர்கள் சிரித்த சிரிப்பில் ஒருவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் எனக்குப் பக்கத்தில் ஆடுகிறவன் மட்டும் சிரிக்கவில்லை. பதினோரு வருஷம் ஆடியவன். அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கித் திரும்பவும் படித்தான். இத்தனை வருஷத்தில் எனக்காக ஒருத்தரும் எழுதவில்லையே, உன் அப்பா எனக்கும் ஒன்று எழுதுவாரா என்று நிஜமாகவே கேட்டான். எழுதுவார், நகல் அனுப்பும் இடத்தை மட்டும் சொல்லு என்றேன்.

உரிமையாளருக்கு நகல் போனதுதான் எனக்குப் பயம். முழங்கால் சரியில்லாத ஏழு வருஷக்காரன். பின்னால் ஒரு இளவட்டம் என் இடத்துக்குக் காத்துக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் அப்பாவை விட்டு மனு போடுகிற பையன் என்ற பெயர் வேறு. கூட்டம் முடிந்ததும் கோச்சிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் அதற்குள் பதில் எழுதிக்கொண்டிருந்தார்.

அந்தப் பதில் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தது. அணியின் லெட்டர்ஹெட்டில் நாலே வரி. விதி இடம் கொடுக்காததால் பந்து வழங்க இயலவில்லை. ஆனால் தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. நாளை மைதானத்துக்கு நேரில் வந்து, பந்தைப் பார்க்காமல் தங்கள் மகனை மட்டும் பார்த்து, அவன் எதிரே நிற்கிற ஆள் எத்தனை தடவை நம் குவார்ட்டர்பேக்கைத் தொடுகிறான் என்று அறிக்கை தர வேண்டுகிறேன். கூட இரண்டு டிக்கெட்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மனு போட்டு நாலாம் நாள் பதில். அவருடைய சர்வீஸிலேயே நடக்காத விஷயம். கோபியில் இதே மனு என்றால் இன்னும் மேஜைக்கே வந்திருக்காது என்று அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னார். அறிக்கை கேட்டிருக்கிறாரே என்பதுதான் அவரை நிமிர வைத்தது. ரிட்டயர் ஆனதிலிருந்து அவரிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. மௌரி அவென்யூக் கடைக்குப் போய்ப் புது நோட்டு, இரண்டு பென்சில், ஒரு ரப்பர் வாங்கி வந்தார். அந்தக் காலத்து பைனாகுலர் ஒன்றை என் அலமாரியிலிருந்து கண்டுபிடித்துத் துடைத்து வைத்தார்.

எனக்கோ கிலி. அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு எதிரே நிற்கப் போகிறவன் இருபத்து நாலு வயசுக்காரன். போன வருஷம் இதே பையன் என்னை மூன்று தடவை ஏமாற்றிக் குவார்ட்டர்பேக்கைச் சாய்த்தான். அவன் ஓடுவதைப் பார்த்தால் அவனுக்கும் எனக்கும் ஒரே வகை முழங்கால் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அப்பா இத்தனை வருஷத்தில் முதல்முதலாக நேரில் பார்க்க வருகிறார், அதுவும் என்னை மட்டும் பார்க்கச் சொல்லி உத்தரவோடு வருகிறார். கோச்சுக்குப் போன் போட்டு வேறொரு வாரம் வரச் சொல்லலாமே என்றேன். திங்கள்தோறும் நான் உன்னை வீடியோவில் பார்க்கிறேன், அதற்குப் பயப்படாதவன் இதற்கு ஏன் பயப்படுகிறாய் என்று வைத்துவிட்டார். அவருக்கு எப்படிச் சொல்வது?

ஆட்டம் மதியம் ஒரு மணிக்கு. இறங்கும்போதே மேலே தேடினேன். கோல் பக்கத்து வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள், லைன்மேன்களைப் பார்க்க அதுதான் தோதான இடம். அத்தனை பேரும் அணியின் நிறத்தில் சட்டை போட்டிருக்க, அப்பா மட்டும் வெள்ளைச் சட்டை, கழுத்தில் பைனாகுலர், மடியில் நோட்டு. அம்மா பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆட்டம் இன்னும் ஆரம்பித்திருக்கவில்லை.

முதல் பாதியில் அவனை நன்றாகவே மறித்தேன். அவன் வலப்பக்கம் வந்தால் வலப்பக்கம், இடப்பக்கம் வந்தால் இடப்பக்கம். முழங்கால் முனகியது, கேட்காத மாதிரி இருந்தேன். ஒவ்வொரு தடவை எழுந்ததும் மேலே பார்த்தேன். பென்சில் ஓடிக்கொண்டிருந்தது. என் ஆயுசில் நான் ஆடியதிலேயே அதுதான் பரீட்சை ஹால் மாதிரி இருந்த ஆட்டம்.

ஆட்டம் மொத்தம் நாலு பகுதி. மூன்றாவது பகுதியில் அகப்பட்டேன். அவன் என் நெஞ்சில் ஒரு கை வைத்தான், நான் அதன் மேல் சாய்ந்தேன், அவன் அப்படியே பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டு போய்விட்டான். திரும்பிப் பார்ப்பதற்குள் குவார்ட்டர்பேக் குப்புறக் கிடந்தான். மைதானமே ஓ என்றது. அவனைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டேன். வாய்க்குள் புல்லோடு அவன் என்னவோ சொன்னான், அது எழுதக்கூடிய வார்த்தை இல்லை. நான் மேலே பார்த்தேன். அத்தனை ஆயிரம் பேர் கத்திக்கொண்டிருக்க, ஒரே ஒருவர் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஹெல்மெட் இருந்ததால் பிழைத்தேன்.

கடைசிப் பகுதியில் அதே சுற்றை இன்னொரு தடவை போட்டான். இந்தத் தடவை விடக்கூடாது என்று சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டேன். பிடிக்கக்கூடாது. பார்த்தால் அபராதம், பத்து கஜம் பின்னால் போக வேண்டும். நடுவர் பார்க்கவில்லை. அந்தப் பையன் கையைத் தூக்கிக் காட்டினான், ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் ஆட்டம் முடியும்வரை அவன் என்னைத் தாண்டவில்லை.

குளித்து உடை மாற்றி வெளியே வந்தபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பார்க்கிங்கில் என் கார் பக்கத்தில் இருவரும் நின்றார்கள். அம்மா என் கை, தோள், கழுத்து என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, எல்லாம் இருக்கிறது என்று தெரிந்ததும் முதுகில் ஒரு அடி வைத்தார். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டைப் பிரித்தார். காரில் போகும்போது படிக்கலாமே என்றேன். ஓடுகிற வண்டியில் அறிக்கை படிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

மொத்தம் அறுபத்து மூன்று தடவை நின்றிருக்கிறேன். ஐம்பத்தொன்பது தடவை அந்தப் பையன் கிட்டேயே வர முடியவில்லை. இரண்டு தடவை சுமார், ஆனால் சேதம் இல்லை. ஒரு தடவை விட்டுவிட்டேன். காரணம்: 'முன்பக்கம் அதிகமாகச் சாய்ந்தது'. மறுநாள் கோச் வீடியோவை நாலு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னதும் அதே காரணம்தான்.

பாக்கி ஒன்று இருந்தது. அப்பா கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"அம்பத்தெட்டாவது தடவ அவன் சட்டையப் புடிச்சுட்டே. நடுவர் பாக்கல. நான் பாத்தேன்."

ஆமாம்ப்பா என்றேன். அதை நடுவருக்கு எழுதித் தெரிவிப்பதுதான் முறை என்றார். எதிரணிப் பையனும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே என்றார். அம்மா குறுக்கே வந்திருக்காவிட்டால் எழுதியே இருப்பார். பெற்ற பையன் மேலேயே பெட்டிஷன் போடுகிற மனிதரை இங்கேதான் பார்க்கிறேன் என்று சத்தம் போட்டு, நோட்டைப் பிடுங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் ஆட்டமெல்லாம் முடிந்த தைரியத்தில் சாவகாசமாக, முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏனுங்க, கடைசீல ஆருங்க ஜெயிச்சாங்க?"

அப்பா நோட்டு இருந்த கைப்பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். லாரி அகலத்துக்கு இருந்த ஸ்கோர் பலகைக்கு நேர் எதிரே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்த மனிதருக்கு யார் ஜெயித்தது என்று தெரியவில்லை.

"தோத்துட்டோம்ப்பா," என்றேன். "பதினேழு பாயிண்ட்ல."

கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார்.

"அது பந்து வெச்சிருந்தவன் பாத்துக்கோணும் கண்ணு," என்றார். "உன்ற வேலைல தப்பு ரெண்டுதான்."

நான் கார்க் கதவைத் திறக்காமல் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தத் தோல்வியிலிருந்தும் வீட்டுக்குப் போனதில்லை.